தகப்பன் வேற, தாய் வேற, பிறகென்ன தம்பி?

புதுக்கடைச் சந்தையை ஒட்டி நடக்கையில் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து நெத்திலிக் கருவாடு பொரிகிற மணம் வந்தால் போதும், மறுபடியும் அந்த மொட்டை மலைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிடுகிறேன். மடியில் கருவாட்டுப் பொதி. ஒரு தேசம் வெளியே போ என்று முத்திரை குத்திவிட்டது. அடுத்த தேசம் உள்ளே வா என்று இன்னும் சொல்லவில்லை.

சார்ஜாவில் மகள் வீட்டுக்குச் சுற்றுலா விசாவில் போயிருந்தேன். தம்பிக்கு ஓமானில், சோகாரில் வேலை. கருவாடு அவனுக்கென்று ஊரிலிருந்து சுமந்தது. எல்லை தாண்டிக் காரிலேயே போய்விடலாம், அடுத்த வாரம் போவோம் என்றிருந்தேன். அதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டான். சாயங்காலம் அறுவை சிகிச்சை. பிழைப்பது கஷ்டம் என்று அவனோடு தங்கியிருப்பவர் போனில் அழுதார்.

காரோட்டி தேங்காய்ப்பட்டணத்துக்காரர். அடிக்கடி அந்த வழி ஓடுகிறவர். விசா, காருக்கு ஓமான் இன்சூரன்ஸ், தங்குமிடத்து முகவரி, எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றே ஒன்றுதான் சொல்லித்தந்தார்.

“அண்ணே, கேட்டா டூரிஸ்ட்டு. கடல் பாக்கப் போறோம். வேற ஒரு அட்சரம் வாயில வரப்பிடாது.”

“கன்னியாகுமரிக்காரன் கடல் பாக்கப் போறான்னா நம்புவானா?”

“கன்னியாகுமரி எங்க கெடக்குன்னு அவனுக்குத் தெரியுமா? பேசாம வாங்க.”

ஓமான் எல்லைச் சாவடியில், கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? யாருமில்லை என்று சொல்ல வேண்டும். நாக்கு புரளவில்லை. உயிருக்குப் போராடிக் கிடப்பவனை எப்படி யாருமில்லை என்பது? பிரதர் என்றேன். ஆஸ்பத்திரியில் என்றேன். அவனுடைய பாஸ்போர்ட் படம் போனில் இருந்தது, அதையும் நீட்டினேன்.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். அப்பா பெயர் வேறு. அம்மா ஒன்றா என்றார். அம்மாவும் வேறுதான் என்றேன். பக்கத்து இருக்கைக்காரர் சிரித்துவிட்டார். என் பாஸ்போர்ட் உள்ளறைக்குப் போயிற்று. நான் பெஞ்சுக்குப் போனேன்.

“தகப்பன் வேற, தாய் வேற, பிறகென்ன தம்பி?” காரோட்டி தலையில் கைவைத்தார்.

“சித்தப்பா மவன் தம்பி இல்லாம பின்ன யாரு?”

“அது நம்ம ஊர்ல. கசின்னு சொல்லித் தொலைச்சிருக்கப்பிடாதா?”

கசின். தெரியாத சொல்லா? ஆனால் அவன்மேல் அதை ஒருநாளும் போட்டதில்லை. ஒரே கிணற்றடியில் குளித்தோம். அம்மை போட்டபோது ஒரே பாயில் வேப்பிலை மணக்கக் கிடந்தோம். அந்தப் பாயில் கசின் எந்தப் பக்கம் படுப்பான்?

வெயில் மலையில் ஏறியது, இறங்கியது. டூரிஸ்ட்டுகள் வந்தார்கள், முத்திரை வாங்கினார்கள், நின்று படம் பிடித்தார்கள், போனார்கள். எவ்வளவு லேசாகக் கடக்கிறார்கள்! போன் அதிர்ந்தால் எடுக்கப் பயம். அதிராவிட்டால் அதைவிடப் பயம். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. மண்ணில் கோடுகூடக் கிடையாது, வெறும் மண்.

எழுந்து போய்க் கண்ணாடியில் கைவைத்தேன்.

“கசின், சார். ஒன்லி கசின்.”

அந்த ஒன்லி எங்கிருந்து வந்ததோ. அதிகாரியின் முகம் தெளிந்தது. அப்படியா, முதலிலேயே சொல்லக்கூடாதா என்றார். டப் என்று முத்திரை விழுந்தது.

ஆஸ்பத்திரியில் அவனைத் தள்ளுகட்டிலில் ஏற்றி அறுவைக்கூடத்து வாசல்வரை கொண்டுவந்துவிட்டார்கள். ஓடினேன். கருவாடு காரிலேயே கிடந்தது. பின்னால் ஓடிவந்த காரோட்டிதான் மூச்சிரைக்கச் சொன்னார்: “கசின்னு சொன்ன பொறவுதான் விட்டானுவ, கேட்டேளா.”

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சில்லை. உதடு மட்டும் கோணியது. என் விரலைத் தேடிப் பிடித்து, மெதுவாக ஒன்று சொன்னான். கதவு திறந்தது. அதற்குப் பிறகு அவன் யாரிடமும் எதுவும் பேசவில்லை.

“அண்ணா, திரும்பிப் போம்போ கேட்டானுவன்னா தம்பின்னுதான் சொல்லணும், கேட்டியளா.”