சரவெடியும் முயல் புழுக்கையும்

சுனாமி வந்ததற்கு அடுத்த மாதம், விஸ்வநத்தம் அருகே என் பாசிப்பயறு வயலில் குருத்துகள் கடிபட்டு, வரப்பெல்லாம் புழுக்கை கிடந்தது. பக்கத்துத் தரிசில் கிடை போட்டிருந்த வெளியூர்க்காரரின் ஆடுகள்தான் என்று முடிவுகட்டினேன். அவற்றைச் சிதறடிக்க, நான் வேலைபார்த்த பட்டாசு கம்பெனியின் சரவெடியோடு ஆத்திரமாய்ப் போனேன்.

"சினையாடுக நிக்குதுங்க, வெடிச்சா குட்டி கலைஞ்சிரும். கொஞ்சம் பொறுங்க" என்று அவர் என்னோடு வயலுக்கு வந்தார். ஒரு புழுக்கையை எடுத்து நசுக்கினார்; வைக்கோல் தூளாய் உதிர்ந்தது.

"பாத்தீகளா, உருண்டையா இருக்கு, உள்ள நாரு. இது முயலு. ஆட்டுப் புழுக்கை நீளமா இருக்கும்."

சரவெடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவர் திட்டவே இல்லை.

மறுவாரம் வேலைக்குப் போன என்னை நிறுத்தி, அப்போதுதான் பிறந்து ஈரம் காயாத ஆட்டுக்குட்டியொன்றைக் கையில் ஏந்தக் கொடுத்தார். அதன் சூட்டை நினைக்கும்போதெல்லாம், அந்தக் ‘கொஞ்சம் பொறுங்க’வுக்குத்தான் நன்றி சொல்கிறேன்.