எல்லாம் உள்ளே போகிற கூடாரம்

மாமா ஒரு கூடாரம் வாங்கப் போகிறார் என்று தெரிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, அதில் ஜன்னல் இருக்குமா என்பது. அம்மா கேட்ட முதல் கேள்வி, அதற்குள் எல்லாம் போகுமா என்பது.

ஊரில் சண்டையோடு எல்லாம் முடிந்துபோன வருடத்தை ஒட்டி வந்த குளிர்காலம் அது. சுவிஸில், பேர்ண் நகரத்தில் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தால், யார் எடுப்பது என்று பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். வீட்டுக்கு ஒரு நல்ல செய்தி வேண்டியிருந்தது. அதனால் அம்மா தன் தம்பிக்குப் பெண் பார்க்கத் தொடங்கினார். டீட்டிகோன் என்ற ஊரில் ஒரு பெண் அமைந்தது. சாதகக் குறிப்புப் பார்த்தார்கள், பொருந்தியது. இரு வீட்டாரும் ஒருமுறை தேநீர் குடித்தார்கள். அதன்பிறகு மாமா பின்னேரங்களில் பால்கனிக் குளிரில் நின்று அவளோடு கதைப்பார். அவள் சிரிப்பது தொலைபேசியைத் தாண்டி, கண்ணாடிக் கதவையும் தாண்டி எங்களுக்குக் கேட்கும். அம்மாவும் அப்பாவும் கேட்காத மாதிரி இருப்பார்கள்.

மாமாவுக்கு இன்னொரு காதலும் இருந்தது. ஆஸ்பத்திரிக் குசினியில் அவரோடு வேலை செய்த சுவிஸ்காரர் ஒருவர், தீவில் பிறந்தவனுக்கு மீன் பிடிக்கத் தெரியாமல் இருக்காது என்று திடமாக நம்பினார். மாமா பிறந்த ஊரில் இருந்தவை கிணறும் புகையிலைத் தோட்டமும். ஆனாலும் அவர் மறுக்கவில்லை. மலைமேல் உறைந்த ஏரி ஒன்றுக்கு அந்தச் சுவிஸ்காரரோடு போனார். பனியில் ஓட்டை போட்டு, அதற்குள் நூலை விட்டு, நாள் முழுக்கக் குந்தியிருந்துவிட்டு வந்தார். வந்த மனிதர் வேறு மனிதர். காது மடல் சிவந்து, கண் இரண்டும் தண்ணீர் பார்த்த கண்ணாகி, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அம்மாவின் சட்டம் தெளிவானது. ஆஸ்பத்திரியில் பானை கழுவலாம், எல்லாரும் கழுவுகிறார்கள். மீனை வாங்கலாம், வெட்டலாம், புளி விட்டுக் காய்ச்சலாம், தலையை யார் எடுப்பது என்று சண்டையும் போடலாம். பிடிக்க மட்டும் கூடாது. மீன் பிடிக்கிறவர்கள் வேறு ஆட்கள், நாங்கள் வேறு ஆட்கள். சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லைச் சொல்லாமலே அதைக் காப்பாற்ற அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"பிடிக்கிறதெண்டால் பிடி," என்றார் அம்மா கடைசியில், தம்பியின் முகத்தைப் பார்த்துப் பொறுக்காமல். "ஆனா டீட்டிகோனுக்குத் தெரிஞ்சுதோ, கலியாணம் துலைஞ்சுது."

அதனால்தான் கூடாரம். பனி பார்க்க மலைக்கு வருகிற தமிழ்ச் சனத்தின் கண்ணில் படாமல் அதற்குள் இருந்து பிடிக்கலாம். அதனால்தான், எல்லாம் உள்ளே போக வேண்டும் என்பதும். தூண்டில், குந்துகிற கதிரை, தூண்டில் சாமான் பெட்டி, பனியைத் துளைக்கிற அந்த நீளத் திருகு, ஒன்றும் வெளியே தலை நீட்டாமல் ட்ராமில் வீடு வந்து சேரவேண்டும்.

சனிக்கிழமை மூவரும் மீன்பிடிக் கடைக்குப் போனோம். வாசலில் அம்மா தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு, "நீ முதல் போய்ப் பார், உள்ளுக்குத் தமிழாக்கள் நிக்கினமோ எண்டு," என்று என்னை அனுப்பினார். உள்ளே சிவப்புத் தாடி வைத்த விற்பனையாளர் ஒருவர் மட்டும் நின்றார். கண்ணாடிப் பெட்டிகளில் பொய்ப்புழுக்கள் பச்சையும் ஊதாவுமாக மினுங்கின. எனக்கு அங்கேயே குடியிருக்கலாம் போலிருந்தது.

தாடிக்காரர் முதலில் காட்டியது, சறுக்குத் தொட்டி மாதிரியான ஒன்று. சாமான் முழுவதையும் தொட்டிக்குள் போட்டுப் பனியில் இழுத்துப் போகலாம். போன இடத்தில் மேலே மடிந்திருக்கிற துணியை விரித்தால் கூடாரம். இடம் தாராளம் என்றார். நான் தமிழில் சொன்னேன். அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"உதைத் தூக்கிக்கொண்டு ட்ராமிலை ஏறினா செத்தவீடெண்டு நினைச்சு ஆக்கள் எழும்பி இடம் விடுவினம்."

அடுத்தது முதுகில் போடக்கூடிய சின்னக் கூடாரம். நடுவில் பிடித்து இழுத்தால் குடை மாதிரி டப்பென்று விரிந்தது. நான் உள்ளே புகுந்து வெளியே வந்து மறுபடி புகுந்தேன். ஆனால் மடித்து, கடையிலிருந்த திருகையும் கதிரையையும் சேர்த்து அதன் பையில் வைத்துப் பார்த்தபோது திருகின் கூர் ஒரு முழம் வெளியே நின்றது. மாமா அதைச் சரித்தார், நிமிர்த்தினார், குறுக்கே வைத்தார். கூர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. தாடிக்காரருக்கு விளங்கவில்லை. நீட்டிக்கொண்டிருந்தால் என்ன, எல்லாருக்கும் நீட்டிக்கொண்டுதானே இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். நான் மாமாவிடம் கேட்டேன். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "மழை பட்டால் துருப்பிடிக்குமாம் எண்டு சொல்லு," என்றார்.

மூன்றாவது, நாலு பேருக்கான பெரிய கறுப்புக் கூடாரம். உள்சுவர் முழுக்கப் பைகள், கூரையில் வலை, தூண்டில் செருகத் தனி உறை. அதைத் தூக்கிப் போகிற பை நீளமானது, அகலமானது, இரண்டு பக்கமும் பிடி வைத்தது. ஒவ்வொன்றாக வைத்தோம். திருகு போயிற்று. கதிரை போயிற்று. மாமா கேட்டு இன்னொரு கதிரையையும் வைத்துப் பார்த்தார், அதுவும் போயிற்று. சிப்பை இழுத்து மூடியதும் மாமா குழந்தை மாதிரிச் சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "தூக்கிக்கொண்டு அந்தத் தொங்கல் மட்டும் போய் வா. நான் இப்ப பொம்பிளையின்ரை தாய்."

மாமா சப்பாத்து வரிசையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார். அம்மா கைப்பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, குரலை இனிப்பாக்கிக்கொண்டு எதிரே வந்தார்.

"அட, தம்பியோ! என்ன பெரிய பையோடை?"

"கூ... கூடாரம், அன்ரி."

"மொக்கா! கூடாரம் எண்டா ஏன் எண்டு கேப்பினம். திருப்பி வா."

மறுபடி நடை. மறுபடி இனிப்புக் குரல்.

"கிரிக்கெட் சாமான், அன்ரி."

"இந்தக் குளிருக்கையோ?"

"பள்ளிக்கூட ஹோலுக்குள்ள விளையாடுறம், அன்ரி."

அம்மா தாடிக்காரர் பக்கம் திரும்பித் தலையாட்டினார். அவர் என்னைக் குனிந்து பார்த்து, ஒருவருக்கு இது மிகப் பெரிது, காற்றடித்தால் ஆளையும் இழுத்துக்கொண்டு போகும் என்றார். நான் சொன்னேன். மாமா பையைத் தடவியபடி, "பரவாயில்லை," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா என்னையும் ஏரிக்குக் கூட்டிப்போனார். அந்தக் கூடாரத்துக்குள் இருந்ததை எப்படிச் சொல்வேன்? கறுப்புத் துணி வெயிலை வெளியே நிறுத்திவிட்டது. ஆகவே வெளிச்சம் கீழேயிருந்து வந்தது. பனி முழுதும் உள்ளுக்குள் விளக்கேற்றின மாதிரி நீலம், நடுவில் ஓட்டை பச்சை, பச்சைக்குக் கீழே பேரில்லாத ஒரு நிறம், அதற்கும் கீழே நூல் போய்க்கொண்டே இருந்தது. நான் வயிற்றில் படுத்து, கையால் கண்ணோரத்தை மறைத்துப் பார்த்தேன். மீன் எங்கே நித்திரை கொள்ளும்? மேலே நாங்கள் நடக்கிறது அதுக்கு இடி மாதிரிக் கேட்குமா? மாமா எல்லாவற்றுக்கும் தெரியாது என்றார், ஒவ்வொரு தெரியாதையும் ரசித்துச் சொன்னார்.

"ஏன் மாமா இவ்வளவு பெரிய கூடாரம்?"

அவர் நூலை இரண்டு விரலால் மெல்ல ஆட்டிக்கொண்டு, "அவவுக்குச் சொன்னனான்," என்றார்.

"எவவுக்கு?"

"டீட்டிகோன் அவவுக்கு. தானும் வந்து பாக்கவேணுமாம். இடம் வேணுமெல்லே?"

"அம்மா ஏசுவா."

"அதான் உனக்குச் சொன்னது, அக்காவுக்குச் சொல்லேல்லை." பிறகு நூல் விறைத்தது, நாங்கள் இருவரும் கத்தினோம். ஓட்டையிலிருந்து செம்மஞ்சள் வயிற்றோடு ஒரு மீன் வெளிச்சத்துக்கு வந்தது.

பின்னேரம் பேர்ண் நிலையத்தில் ட்ராம் ஏறினோம். ஏறி இருந்தபின்தான் பார்த்தோம், எதிர் இருக்கையில் பெண்ணின் தகப்பனார். கோயில் பூசைக்கென்று டீட்டிகோனிலிருந்து வந்திருந்தார். குளிர் அங்கிக்குக் கீழே வேட்டி, வேட்டிக்குக் கீழே தடித்த காலுறையும் சப்பாத்தும்.

"அட, தம்பி! என்ன, கிரிக்கெட்டோ?"

ஒத்திகை பார்த்த கேள்விகூட வேண்டியிருக்கவில்லை, விடையையே அவர் கொண்டுவந்திருந்தார். மாமாவின் முகம் மலர்ந்தது. "ஓம் ஐயா. ஹோலுக்குள்ள."

"நான் ஊரிலை விக்கெட் கீப்பர், தெரியுமோ? எங்கை, மட்டையைக் காட்டும் பாப்பம்."

"அது... அடியிலை கிடக்கு, ஐயா."

"பரவாயில்லை, இனி ஒரு நாளைக்குக் காட்டும்," என்று அவர் தான் பிடித்த பந்துகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். ட்ராமில் சூடு போட்டிருந்தார்கள். நாள் முழுக்கக் கூடாரத்துணியில் ஒட்டி உறைந்த பனி பைக்குள் மெல்ல இளகிக்கொண்டிருந்ததை நாங்கள் யாரும் எண்ணவில்லை. முதலில் ஒரு துளி. பிறகு ஒரு கோடு. ட்ராம் வளைந்தபோது கோடும் வளைந்து, தரையில் ஊர்ந்து, அவருடைய சப்பாத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. மணமும் கூடவே வந்தது.

அவர் கதையை நிறுத்தினார். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். தண்ணீர் வந்த வழியே பார்வையைப் பின்னுக்குக் கொண்டுபோய்ப் பையில் வைத்தார்.

"ஃபொரெல் மீனோ?" என்றார்.

மாமா தலை குனிந்தார். "இல்லை ஐயா. சைப்ளிங்."

"அது அதைவிட ருசி," என்றார் அவர். "பொரிச்சாத்தான் நல்லம்." கோயில் தரிப்பு வந்தது. என் தலையைத் தடவிவிட்டு இறங்கிப் போனார்.

மணத்தை வைத்தே மீனைச் சொல்கிறாரே என்று எனக்கு அவரில் பெரிய மதிப்பு வந்துவிட்டது. அவருக்கும் மாமாவைப் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். மாமா ஏன் வீடு வரை பையையே பார்த்துக்கொண்டு வந்தார் என்பது தெரியவில்லை. இரவு, ட்ராமில் நடந்ததை நான் அம்மாவுக்குச் சொல்லச் சொல்ல, அந்த மீனை மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரித்தோம். எலும்பு மட்டும்தான் மிஞ்சியது.

அந்தக் கிழமைக்குள் டீட்டிகோனிலிருந்து அழைப்பு வந்தது. குறிப்பை இன்னொருவரிடம் காட்டினார்களாம், பொருந்தவில்லையாம். அம்மா, "ஓம், ஓம், விளங்குது, நீங்கள் குறை நினைக்காதேங்கோ," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பால்கனிக் கதவு அன்று திறக்கவில்லை. மாமா இரண்டு முறை அவளுடைய எண்ணை அழுத்திப் பார்த்தார், மறுபக்கம் யாரும் எடுக்கவில்லை.

எனக்கு அப்போது ஏழு வயது, பிறந்த நேரம் எப்படி ஒரு கிழமையில் மாறும் என்று பிடிபடவில்லை. அதைவிடப் பிடிபடாதது அம்மா. டீட்டிகோன்காரரை அவர் ஏசப்போகிறார் என்று காத்திருந்தேன், ஏசுவதில் எங்கள் அம்மாவுக்கு இணை கிடையாது. அவர்களை ஒரு சொல் சொல்லவில்லை. சுவரோரம் கிடந்த பையைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். அதன் தையலை விரலால் நெருடிப் பார்த்தார்.

"பையின்ரை அடி நல்லதாப் பாத்து வாங்கியிருக்கவேணும்," என்றார்.

அது சரி என்றே எனக்கும் பட்டது. தண்ணீர் ஒழுகாத பை அந்தக் கடையில் எந்தத் தட்டில் இருந்தது என்று கண்ணை மூடி நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.