தெய்வானையின் பெரட்டுக்களம்

செய்தி வந்தபோது நான் தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் பின்சுவரில் ஏணி போட்டு ஏறியிருந்தேன். அந்தச் சுவரில் நாங்கள் மாட்டிய மழைப்பெட்டி இருக்கிறது. பெட்டிக்குள் ஒரு சின்னக் கணினி, அதற்குள் தெய்வானை எழுதிய புரோகிராம். பசறைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பாக்கியம் அக்காதான் எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, நம்ம தெய்வான போயிருச்சு" என்றார். "சரி அக்கா" என்று சொல்லிப் போனைச் சட்டைப் பையில் வைத்தேன். பிறகும் ஏணியிலேயே நின்றுகொண்டிருந்தேன். பெட்டியோடு இணைத்திருந்த மடிக்கணினியின் திரையில் அந்தப் புரோகிராம் வழக்கம்போலப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கீழே ஏணியைப் பிடித்திருந்த தொழிலாளி "என்னங்க, ஏதும் கோளாறா?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.

பதுளையிலும் பசறையிலும் அவளைத் தெரிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அடக்கமான பெண் என்று மட்டும் யாரும் அஞ்சலிக் கூட்டத்தில் பேசிவிடாதீர்கள், அவளுக்கே பொறுக்காது. வாய் ஓயாது. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரோடு சண்டை, ஆபீசுக்கு வந்தால் என்னோடு சண்டை. பதுளைக் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் இருந்த அறைதான் எங்கள் ஆபீஸ். நான் கம்பிகளையும் பெட்டிகளையும் பார்த்தேன், அவள் புரோகிராம் எழுதினாள். கம்பியைத் தொட்டு வேலை செய்கிறவனுக்கு மூளை விரல் நுனியில்தான் இருக்கும் என்று என்னைக் கிண்டல் செய்வாள். அவள் கட்டிக்கொண்டு வரும் ரொட்டியையும் சம்பலையும் பாதிக்கு மேல் நான்தான் சாப்பிட்டேன் என்பதால் பேசாமல் இருந்துவிடுவேன்.

மழைப்பெட்டி என்ன செய்யும் என்பதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பசறைத் தோட்டத்தில் அது இருப்பது மலைமேல் உள்ள பிரிவான மேல் டிவிசனின் பிள்ளைக் காம்பராவில், அங்கே பெய்யும் மழையை அது அளக்கும். அளவு மீறினால் கீழ் டிவிசன் கோயிலில் இருக்கும் இன்னொரு பெட்டிக்குச் செய்தி அனுப்பும். உடனே கோயில் ஒலிபெருக்கி சங்கு ஊதும். சனம் லயத்து வரிசை வீடுகளை விட்டு இறங்கிப் பாடசாலைக்குப் போக வேண்டும். மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு நம் ஆட்கள் மழையை எப்படிக் கேட்கிறார்கள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெய்வானையின் அம்மா இருந்ததும் அந்தக் கீழ் டிவிசனில்தான், மலையை ஒட்டிய கடைசி லயத்தில். டவுனில் என்னோடு வந்து இரு என்று மகள் கெஞ்சினாள். கோழியை யார் பார்ப்பது என்று அந்த அம்மா மறுத்துவிட்டார்.

ஒரு கணினி வெளியே பேச வேண்டுமென்றால் அதற்கு வாசல் வேண்டும். வயர் வழியாக ஒரு வாசல், வைஃபைக்கு ஒன்று, சிம் போட்ட டொங்கிளுக்கு ஒன்று. இவற்றைத்தான் இன்டர்ஃபேஸ் என்கிறோம். ஒவ்வொன்றுக்கும் கணினி ஒரு பெயர் வைத்திருக்கும். உனக்கு எத்தனை வாசல், அவற்றின் பெயர் என்ன, எது திறந்திருக்கிறது என்று புரோகிராமுக்குள் இருந்தே கணினியைக் கேட்கலாம். தெய்வானை முதன்முதலில் அதைக் கேட்டுப் பதில் வாங்கிய காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. திரையில் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்தன. "பாருங்க அண்ணே, கேட்டா இது தன் உடம்பைப் பத்தித் தானே சொல்லுது" என்றாள். அத்தனை வருடம் இந்த இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டிய எனக்கு அதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பட்டியலுக்கு அவள் பெரட்டு என்று பெயர் வைத்தாள். காலையில் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் கங்காணி பெயர் கூப்பிட, ஆட்கள் ஆமாங்க என்று சொல்லி மலைக்குப் போகிற ஒழுங்குதான் அவள் மனதில் இருந்தது. புரோகிராமையும் அப்படியே எழுதினாள். பெயரைக் கூப்பிடு, முதலில் யார் ஆமாங்க என்கிறானோ அவன் கையில் செய்தியைக் கொடு. தோட்டத்தில் பிறந்த ஒருத்திக்குத்தான் இப்படித் தோன்றும், அவள் மாட்டிக்கொண்டதும் அதனால்தான்.

ஒத்திகை நாளன்று கீழ் டிவிசன் முழுக்கக் கோயில் முன்னால் கூடியிருந்தது. மேலே பிள்ளைக் காம்பராவில் நான் மழை அளக்கும் கிண்ணத்தில் வாளித் தண்ணீரை ஊற்றினேன். செய்தி போய்விட்டது, பதிலும் வந்துவிட்டது என்று பெட்டி சொன்னது. கீழேயோ சங்கு ஊதவே இல்லை. மறுபடி ஊற்றினேன். மறுபடியும் போய்விட்டது என்றது. கோயில் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாமிக்கு முன்னால் பொய் சொல்கிற பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்களே என்று தெய்வானையைக் கேட்டாராம். அவளுடைய அம்மா கூட்டத்தில் தலையைக் குனிந்து நின்றார்.

நடந்தது இதுதான். எல்லாக் கணினியிலும் ஒரு வாசல் உண்டு, லூப்பேக் என்று பெயர். அது வெளியே திறக்காது. கணினி தனக்குத்தானே பேசிக்கொள்ள வைத்துக்கொண்ட வழி அது. வயர் அறுந்தாலும் சிக்னல் செத்தாலும் அது மட்டும் எப்போதும் உயிரோடு இருக்கும். பெயர் கூப்பிட்டதும் முதல் ஆளாய் ஆமாங்க என்றது அதுதான். புரோகிராம் நம்பிச் செய்தியை அதன் கையில் கொடுத்தது. பெட்டி தனக்கே செய்தி அனுப்பி, தானே வாங்கி, தானே கிடைத்தது என்று பதிலும் போட்டுக்கொண்டது.

தெய்வானை அழவில்லை. அடுத்த வாரம் அதே கோயில் முன்னால் எல்லாரையும் கூப்பிட்டுத் தப்பு தன்னுடையது என்று உரத்த குரலில் சொன்னாள். ஆமான்னு சொல்றவன நம்பிட்டேன், இனிமே போய்ட்டு வந்தவனத்தான் நம்புவேன் என்றாள். கூட்டம் சிரித்தது. அதற்குப் பிறகு அவள் பேச்சில் அந்த வாக்கியம் வராத நாள் இல்லை. புரோகிராமைத் திருத்தினாள். தனக்குத்தானே பேசுகிறவனை ஒதுக்கு. மற்றவர்களில் வேலைக்கு நிற்கிறவன் யார், முகவரி உள்ளவன் யார் என்று பார். அவன் கையில் ஒரு சின்னச் செய்தியைக் கொடுத்துக் கோயில்வரை அனுப்பு. அங்கிருந்து பதிலோடு திரும்பினால் மட்டும் நம்பு. இதை நிமிடத்துக்கு ஒரு தடவை புதிதாகக் கேள்.

அந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. பெட்டியில் என்னென்ன வாசல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா, நான்தானே பூட்டினேன்? வயர், வைஃபை, டொங்கிள். மூன்று பெயரையும் புரோகிராமில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. நிமிடத்துக்கு நிமிடம் கேட்டுப் பேட்டரியை ஏன் தின்ன வேண்டும்? இரண்டு நாள் கத்தினேன். அவள் கடைசியில் சொன்னாள், "நேத்து வந்த ஆளையே இன்னைக்கும் எதிர்பாத்தா, இன்னைக்குப் புதுசா வந்த ஆளு திரும்பிப் போயிருவான் அண்ணே." நான் கோபத்தில் டீ குடிக்கப் போய்விட்டேன். பேட்டரியைப் பற்றி நான் சொன்னது சரிதான் என்று இப்போதும் சொல்வேன்.

பிள்ளைக் காம்பராப் பெட்டியின் மேல் அவள் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். இதில் போன் சார்ஜ் போடக்கூடாது. குறிப்பாகப் பாக்கியம் அக்காவை மனதில் வைத்துத்தான் ஒட்டினாள். கரண்ட் போனாலும் பெட்டி பேட்டரியில் ஓடும் என்று தெரிந்த நாளிலிருந்து அக்காவுக்கு அதன் மேல் ஒரு கண் இருந்தது.

அந்த மார்கழி மழையை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். மத்தியானத்திலேயே பதுளையில் தெரு தெரியவில்லை. பசறை ரோட்டில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. நாங்கள் ஆபீசில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் மேல் டிவிசனில் கரண்ட் போனது, வயரும் வைஃபையும் செத்தன. கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கோபுரம் போய் டொங்கிளும் செத்தது. கீழே கோயில் பெட்டி உயிரோடுதான் இருந்தது, அதற்கு எதிர்மலைக் கோபுரத்தின் சிக்னல். ஆனால் மழை பெய்வது மேலே. எவ்வளவு பெய்கிறது என்று தெரிந்த பெட்டிக்கு வாய் இல்லை. தெய்வானை அம்மாவுக்குப் போன் எடுத்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. கோயில் தலைவருக்கு எடுத்தாள். லைன் கிடைக்கவில்லை. நடந்தே போகிறேன் என்று குடையைத் தூக்கினாள். நான் கதவை மறித்து நின்றேன்.

அப்போது திரையில் மேல் டிவிசன் பெட்டி ஒரு வரி எழுதியது. பெரட்டில் புதிதாக ஒரு பெயர். நான் பூட்டாத வாசல். எனக்கும் அவளுக்கும் தெரியாத ஆள். ஆமாங்க என்று சொன்னான், முகவரி இருந்தது, செய்தியை எடுத்துக்கொண்டு கோயில்வரை போனான், பதிலோடு திரும்பி வந்தான். அதற்கடுத்த வரியில் மழை அளவு. அதற்கடுத்த வரியில் கோயில் பெட்டி, சங்கு ஊதுகிறேன் என்றது.

"யாரு அண்ணே இது?" என்று தெய்வானை கேட்டாள். இயந்திரங்களோடு பிழைக்கிறவன் நான், சாமி வந்தது என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் கோயிலில் நிற்பதுபோலத்தான் அந்தத் திரைக்கு முன்னால் நின்றோம்.

வந்த ஆள் பாக்கியம் அக்காவின் போன். கரண்ட் போய்ப் போனில் சார்ஜ் தீரும் நேரம், தாளில் எழுதியிருந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல் வயரைப் பெட்டியில் குத்திவிட்டு, சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான ஜன்னல் விளிம்பில் போனை வைத்திருக்கிறார். அந்த ஜன்னலுக்கு எதிர்மலைக் கோபுரம் எட்டும். வயர் குத்தினாலே இணையம் கொடுக்கும்படி அக்காவின் மகள் தன் படிப்புக்காக அந்தப் போனை முன்பே அமைத்து வைத்திருந்தாள். மூன்று பெயரை மட்டும் எழுதி வைத்த புரோகிராமாக இருந்தால் அந்தப் போன் பக்கத்திலேயே இருந்தும் இல்லாத மாதிரிதான். தெய்வானையின் புரோகிராம் அந்த நிமிடமும் புதிதாகக் கேட்டது, அதனால் அதற்குத் தெரிந்தது.

பொழுது சாய்வதற்குள் மண் இறங்கியது. கடைசி லயத்தின் பின்சுவர்கள் விழுந்து அடுப்படிகள் சேற்றால் நிறைந்தன. உள்ளே ஆள் இல்லை. தெய்வானையின் அம்மா பாடசாலைப் பெஞ்சில், முந்தானைக்குள் கோழியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ரோடு திறந்ததும் இருவரும் மேல் டிவிசனுக்குப் போனோம். பாக்கியம் அக்கா பயந்துபோயிருந்தார். "கோவிச்சுக்காத தெய்வான, போன்ல சார்ஜ் ஒரு கோடுதான் இருந்துச்சு" என்றார். தெய்வானை அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத அழுகையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பிறகு எழுந்து அந்தத் தாளைக் கிழித்தாள்.

நோய் வந்தது அதற்குப் பிறகு. பதுளை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனால், வலி எப்படி என்று நான் கேட்பதற்கு முன்னால் பெரட்டு சரியா என்று அவள் கேட்பாள். ஒரு நாள் தலையணைக்கடியிலிருந்து தன் போனை எடுத்துக் கொடுத்தாள். அக்காவின் போனை நம்பி எத்தனை நாள் இருப்பது, இதை அந்த ஜன்னலிலேயே நிரந்தரமாக வைத்துவிடுங்கள், எனக்கு இனி யார் போன் எடுக்கப்போகிறார்கள் என்று சிரித்தாள். போனையும் அக்காவின் போன்போலவே தன் கையால் அமைத்து வைத்திருந்தாள். கொண்டுபோய் வைத்தேன். பெட்டி அடுத்த நிமிடமே அதைக் கண்டுகொண்டது.

காரியம் முடிந்த மறுநாள் அவளுடைய அம்மா பிள்ளைக் காம்பராவுக்கு ஏறி வந்தார். பாக்கியம் அக்கா பாய் விரித்து உட்கார வைத்தார். மகளின் போனை எடுத்துப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் வயரில் கை வைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இது இன்னும் வேலைக்கு வருதா என்று கேட்டார். மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். வயர், வைஃபை, டொங்கிள், கடைசியாக அவள் போன். கீழே கோயில்வரை போனது, பதிலோடு திரும்பியது. அடுத்த நிமிடம் மறுபடி போனது, மறுபடி திரும்பியது. அந்த அம்மா நான்கைந்து தடவை அது போய் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப பேர வெட்டிராதீங்க தம்பி" என்றார்.

தோட்டத்தில் வேலையை விட்டவர்களின் பெயரைத்தான் வெட்டுவார்கள். தெய்வானையின் புரோகிராமில் வெட்டுவதற்குப் பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? வெட்டமாட்டேன் அம்மா என்று மட்டும் சொன்னேன். அவள் கொடுத்ததில் என்னிடம் இருப்பது இரண்டு. ஆமாங்க என்று சொல்கிறவனைப் பார்த்ததும் போய்விட்டு வா என்று சொல்லத் தோன்றுகிற அந்தப் புத்தி ஒன்று. மற்றது, மாதம் பிறந்தவுடன் மருந்துக்கடைக்குப் பக்கத்துப் போன் கடையில் அவள் நம்பருக்கு நான் போடும் ரீலோட். அது தீராதவரை பசறை மலையில் யாரோ பெயர் கூப்பிடுவார்கள், அவளும் போய்விட்டு வருவாள்.