பல் தெரிந்த படம்

என் தம்பிக்கு அப்போது ஏழு மாதம். வாயில் ஒரு பல்லும் முளைத்திருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில், பிள்ளைகள் பல்லில்லாமல்தான் பிறக்கின்றன என்னும் செய்தி, தமக்குள் பதினேழு பிள்ளைகளைப் பெற்ற நான்கு ஆடவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மறந்துபோயிற்று. ஐம்பதாண்டுகள் கடந்தும் என் சினம் ஆறவில்லை; ஆற்றிக்கொள்ளும் எண்ணமும் எனக்கு இல்லை.

எழுபதுகளின் முற்பகுதி. அப்பாவுக்குத் தூத்துக்குடித் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர் பணி. தெற்கே நாசரேத் என்னும் ஊரிலிருந்து வந்து குடியேறிய கிறித்தவக் குடும்பம் எங்களுடையது; ஊர்ப் பேச்சில் வேதக்காரர். அப்பாவின் தங்கையாகிய என் அத்தை எங்களோடு இருந்தாள். வயது இருபத்தேழு, மணமாகவில்லை. பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. கோயில் பாடற்குழுவில் அவள் குரலைப் பின்பற்றித்தான் மற்றவர்கள் பாடுவார்கள்.

அவ்வாண்டு ஐப்பசி மழைக்குப் பின் அத்தையின் வயிறு பெருக்கத் தொடங்கிற்று. கையும் கழுத்தும் மெலிந்தன. வயிறு மட்டும் வளர்ந்தது. வாயு என்று எண்ணி ஓமநீர் குடித்தாள். சேலையைத் தளர்த்திக் கட்டினாள். ஊர் அதை வாயு என்று எண்ணவில்லை.

அம்மா எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். பின்கட்டுக் கொடியில், பழைய சேலைக்கு அடியில் மறைத்து அத்தை உலர்த்தும் துணிகள் மாதந்தோறும் இருக்கின்றனவா என்று பார்த்துவர வேண்டும். “பாத்துட்டு எங்கிட்ட வந்து சொல்லுளா. அவகிட்ட ஒண்ணும் கேக்காத.” காரணம் அறியாமலே பார்த்தேன். மூன்று மாதமும் துணிகள் இருந்தன. இருந்தன என்றே சொன்னேன். அம்மா நம்பினாள். அப்பா நம்பவில்லை. “அதுல எல்லாம் ஏமாத்தலாம்” என்றார். ஏமாற்றுவது எவ்வாறு என்று அவர் விளக்கவில்லை.

ஐயம் தீரும்வரை அத்தை அப்பமும் இரசமும் பெறும் திருவிருந்துக்கு வரவேண்டாம் என்று சபைப் பெரியவர்கள் முடிவு செய்தனர். திருவிருந்து ஞாயிறுகளில் பெரியவர்கள் எல்லாரும் எழுந்து பீடத்தருகே சென்று முழந்தாளிட, அதற்குத் தகுதி தரும் திடப்படுத்தல் சடங்கைப் பெறாத சிறுவர் மட்டும் பலகையில் அமர்ந்திருப்பது வழக்கம். எங்கள் வரிசையில் நான் ஒருத்தியே மிஞ்சுவேன். இப்போது அத்தையும் என்னோடு அமர்ந்தாள். எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. நூறு கண்கள் திரும்பிப் பார்த்ததை நான் பொருட்படுத்தவில்லை. ஒருத்தி துணைக்கு இருந்தாள், அது போதும்.

மாசி மாதத்தில், வீட்டில் யாரிடமும் சொல்லாமல், என்னை அழைத்துக்கொண்டு மகளிர் மருத்துவமனைக்குப் போனாள். இன்றிருப்பது போல் ஒலியலையால் வயிற்றுக்குள் பார்க்கும் கருவி அன்று எங்கள் ஊரில் இல்லை. மருத்துவருக்கு விரல்களும் செவியுமே கருவிகள். நரைத்த தலையினரான அந்த அம்மையார் முதலில் கேள்விகள் கேட்டார்: தீட்டு தவறியதுண்டா, வலி உண்டா, அடிக்கடி சிறுநீர் போகிறதா. பிறகு திரைக்குப் பின்னே அத்தையைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஒரு விரலை வைத்து மறுவிரலால் தட்டினார். நடுவயிற்றில் மந்தமான ஒலி, விலாப்பக்கங்களில் வெற்றுக் குடத்தின் ஒலி. நீர் கோத்த வயிறாயிருந்தால் இது நேர்மாறாக இருந்திருக்கும் என்பதை நான் அறிந்தது நெடுங்காலம் கழித்து. மரக்குழல் ஒன்றை வைத்து நெடுநேரம் உற்றுக்கேட்டார். இன்னோர் உயிரின் துடிப்பு இல்லை. சிறுநீர்ச் சோதனையும் அதையே சொல்லிற்று.

“உள்ள பிள்ளை கிள்ளை ஒண்ணும் இல்ல டீச்சர். சினைப்பையில கட்டி. ஒரு எக்ஸ்ரே எடுத்திருவோம்.”

“பிள்ளை இல்லன்னு எனக்குத் தெரியும் டாக்டரம்மா. அத எழுதிக் குடுங்க” என்றாள் அத்தை.

ஊடுகதிர்ப் படத்தில் இரண்டு பற்கள் தெரிந்தன. அது அக்கட்டியின் இயல்பு என்றும், தோலும் முடியும் பல்லும் இடம்மாறித் தாமே வளர்வதுண்டு என்றும், கன்னியருக்கும் சிறுமியருக்கும்கூட வரும் என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அறுத்து எடுத்துவிட வேண்டும். திருகிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதற்கு அண்ணன் வந்து கையொப்பமிட வேண்டும்.

அண்ணன் கையொப்பமிடுவதற்கு முன் சபையைக் கேட்டார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூன்று பெரியவர்கள் வீட்டுக்கு வந்தனர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“பல்லு தெரியுதே.”

“ரெண்டு தெரியுது” என்றார் அடுத்தவர், தாமே கண்டுபிடித்தவர் போல. “பெறகு பிள்ளை இல்லாம என்னவாம்?”

“டாக்டரம்மா எழுதித் தந்திருக்காவ” என்று அம்மா மெல்லச் சொன்னாள்.

“பொம்பளைக்குப் பொம்பள விட்டுக் குடுப்பாளா?” என்றார் மூன்றாமவர்.

கதவருகே நின்ற அத்தை தலைமையாசிரியரின் முன்னே வந்தாள். “அண்ணாச்சி, அதுல தெரியுத முதுகெலும்பு என்னுது. இன்னொரு முதுகெலும்பு எங்கன இருக்குன்னு காட்டுங்க, ஒத்துக்கிடுதேன்.”

“பிள்ளைக்கு எலும்பு இளசுல்லா. தெரியாது.”

“எலும்பு தெரியாது, பல்லு மட்டும் தெரியுமோ?”

அப்போதுதான் நான் வாய் திறந்தேன். “தம்பிக்கே இன்னும் பல்லு முளைக்கலயே.” அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. தலைமையாசிரியர் தொண்டையைச் செருமிவிட்டு, இன்னும் சில மாதம் பொறுத்தால் தானே தெரிந்துவிடும் என்று தீர்ப்புரைத்தார். ஒருத்தியின் உயிரைப் பணயம் வைத்துப் பொறுத்துப் பார்ப்பதாம். காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அப்பா கையொப்பமிடவில்லை.

ஒன்பதாம் நாள், வகுப்பில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரும்பலகையின் கீழ் சரிந்தாள். குதிரைவண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். செய்தி கேட்ட அம்மா, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். அப்பாவுக்கு ஆள் அனுப்பியிருப்பதாக யாரோ சொன்னார்கள். அம்மா காத்திருக்கவில்லை. “நான் அவ மதினி. நான் போடுதேன்” என்று தாளை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். அவள் அப்பாவைக் கேளாமல் செய்த வேறொரு செயலை நான் கண்டதில்லை.

கட்டி மூன்று முறை திருகியிருந்தது. தேங்காய்ப் பருமன், உள்ளே சுருண்ட முடியும் அந்த இரண்டு பற்களும். மருத்துவர் அதைக் கண்ணாடிச் சாடியிலிட்டு, “உங்க சபைப் பெரியவங்கள வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க” என்று அப்பாவிடம் சொன்னார். யாரும் வரவில்லை. பல்லைத் தொலைவிலிருந்து பார்ப்பதே அவர்களுக்கு வசதி.

அத்தை தேறி எழுந்த பின், சபையின் தீர்மானம் ஆராதனையில் வாசிக்கப்பட்டது: ஐயத்துக்கு இடமளித்த சகோதரியைச் சபை மன்னித்து, மீண்டும் திருவிருந்தில் சேர்த்துக்கொள்கிறது. மன்னித்து! எதற்கு மன்னிப்பு, யார் யாரை மன்னிப்பது என்று அத்தனை பேர் நிறைந்த கோயிலில் ஒருவரும் எழுந்து கேட்கவில்லை. அப்பா நிம்மதியாகத் தலையசைத்தார்.

அன்று திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்தனர். அப்பா திரும்பிப் பார்த்துக் கண்ணால் அழைத்தார். குருவானவர் கிண்ணத்தோடு காத்து நின்றார். அத்தை அசையவில்லை. பலகையில் என்னருகே அமர்ந்தபடி என் கையைப் பற்றிக்கொண்டாள்.

நான் தனித்திருப்பேன் என்றுதான் அவள் போகவில்லை என்று நினைத்தேன். அந்தப் பெருமையை வாரக்கணக்கில் தோழியரிடம் சொல்லித் திரிந்தேன். அன்று என்னைப் பற்றியிருந்த அவள் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. குளிர்கிறது போலும் என்று என் மறுகையால் அதை மூடிக்கொண்டேன். தூத்துக்குடியில், கத்திரி வெயிலில்.