மேடைக்குக் காத்திருந்த காது மெஷின்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் புதுச்சேரி முதலியார்பேட்டையில், மில்லுக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில் குடியிருந்தோம். நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அப்பா மில்லில் தறி ஓட்டியவர். தறிக் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சத்தம் என்னவென்று தெரியும். காதோடு வாய்வைத்துக் கத்தினாலும் கேட்காது. கை ஜாடையிலும் வாயசைவிலும்தான் அங்கே பேச்சு நடக்கும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலேயே அப்பாவுக்குக் காது மந்தம். நான் தாவணி போடும் வயதுக்கு வருவதற்குள் முக்கால்வாசி போய்விட்டது.

அதனால் எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. அப்பாவிடம் எதைச் சொல்வதானாலும் அம்மா கத்தித்தான் சொல்ல வேண்டும். இன்றைக்குச் சாம்பாரா கருவாட்டுக் குழம்பா என்பது தெருமுனை வரைக்கும் தெரியும். எதிர்வீட்டு அக்கா எங்கள் அம்மாவுக்கு 'ரேடியோ' என்றே பேர் வைத்திருந்தாள். அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள். ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்த காலம் அது. "லைசென்ஸ் இல்லாமத்தான கேக்குற, நல்லா கேளு" என்று அதையும் கத்தியே சொல்வாள்.

அப்படிப்பட்ட அம்மாவுக்கு நெஞ்சில் வியாதி வந்தது. முதலில் சாதாரண இருமல் என்றுதான் இருந்தோம். பிறகு படுக்கையாகிவிட்டாள். ஆஸ்பத்திரியிலும் சில வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது, அம்மா உட்பட.

கொடுமை என்னவென்றால், அம்மாவுக்குக் கத்த முடியாமல் போய்விட்டது. கொஞ்சம் குரலை உயர்த்தினாலும் இருமல் பிடுங்கிவிடும். பக்கத்தில் போய்க் குனிந்தால் மட்டும் கேட்கிற அளவுக்குப் பேச்சு இறங்கிவிட்டது. எனக்குக் கேட்டது, அப்பாவுக்குக் கேட்கவில்லை. படுத்தபடி முனகுகிற உதட்டைப் பார்த்து அவரால் ஒன்றும் பிடிக்க முடியவில்லை. எழுதிக் காட்டலாம் என்றால் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவள் முணுமுணுப்பதை வாங்கி நான் அப்பாவிடம் கத்துவேன். ஆனால் புருஷனிடம் பெண்டாட்டி சொல்வது எல்லாவற்றையும் மகளிடம் சொல்லி அனுப்ப முடியுமா? பாதி சொல்லும்போதே நிறுத்திவிட்டு, ஒன்றுமில்லை, நீ போம்மா என்பாள். அப்பா என் முகத்தையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் மில் தொழிலாளிகளுக்கு இலவசக் காது முகாம் என்று தெருவில் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஊரில் டாக்டர், வக்கீல், இன்ஜினீயர், கடைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சேவைச் சங்கம் வைத்திருந்தார்கள். அவரவருக்குத் தெரிந்த தொழிலால் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம். வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்க, ஒரு வகுப்பறைச் சுவர் முழுக்க இலவம்பஞ்சு மெத்தைகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஏற்பாடு சங்கத்து இன்ஜினீயருடையது, மெத்தைகள் சங்கத்தில் இருந்த ஒரு மெத்தைக் கடைக்காரருடையவை. காது டாக்டர் சாப்பிடக்கூட எழுந்து போகாமல் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சிலேயே உட்கார்ந்து பார்த்தார். அப்பாவை "ஐயா" என்றுதான் கூப்பிட்டார். இதையெல்லாம் மறந்துவிட்டுப் பேசினால் நான் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன்.

பரிசோதனைக்காகப் போட்டுவிட்ட மெஷினில், டாக்டர் சாதாரணமாகப் பேசியதே அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. காதுக்குள் பொருந்துகிற அடைப்பானுக்காக அச்செடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். வந்ததும் தருகிறோம் என்றார்கள். அந்தக் காலத்து மெஷின் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும், அதிலிருந்து ஒரு வயர் காதுக்குப் போகும். வீட்டில் அப்பா பனியன்தான் போட்டிருப்பார். இதைக் கேட்டதும் அம்மா என்னை ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லி, படுத்தபடியே அவருடைய பனியனில் ஒரு பை தைத்தாள். தையல் கோணல்மாணலாக இருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

மெஷின்களைப் பொருத்தித் தருகிற பொறுப்பு நேரு வீதியில் ரேடியோக் கடை வைத்திருந்த ஒரு சங்க உறுப்பினருடையது. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் ரேடியோ வேலை கற்றுக்கொண்டு வந்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்பார்கள். அவரையும் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். வகுப்பு முடிந்து வரும்போது அவர் கடையில் எட்டிப் பார்த்துக் கேட்பேன். ஒருநாள், வந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கண்ணாடி பீரோவில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அப்பாவுடையதை எடுத்துக் காட்டினார். நான் கையை நீட்டினேன்.

அவர் கொடுக்கவில்லை. விழாவில்தான் கொடுப்பார்களாம். சிறப்பு விருந்தினர் ஒருவர் வந்து, மேடையில் ஒவ்வொருவர் பேராகக் கூப்பிட்டு, தம் கையால் கொடுக்க வேண்டும். அழைப்பிதழ்கூட அச்சடித்தாகிவிட்டது. விருந்தினருக்கு வேறு வேலை வந்ததால் விழா ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போயிருந்தது.

வீட்டு நிலைமையைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. உடனே சங்கத் தலைவருக்குப் போன் போட்டு எனக்கு எதிரிலேயே பேசினார். அவர் கெஞ்சிய மாதிரிதான் எனக்குத் தோன்றியது. ஒருவருக்கு முன்னாடியே கொடுத்தால் மற்றவர்களும் வந்து நிற்பார்கள், மேடையில் கொடுக்க ஆள் இருக்காது, விருந்தினருக்கு என்ன பதில் சொல்வது என்று அந்தப் பக்கத்தில் சொன்னார்களாம். போனை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "ஞாயித்துக்கெழம விழா வச்சிருக்காங்கம்மா. அதுவரைக்கும் தாங்குவாங்க இல்ல?" என்றார்.

தெரியவில்லை சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் எனக்கு அழுகை. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தருவார்கள் என்று மட்டும் சொன்னேன். அம்மா தலையை ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. உறவுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினோம். அரியாங்குப்பத்திலிருந்து மாமா வந்தார். எதிர்வீட்டு அக்கா வந்து தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். மத்தியானம் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. சொல்தா கடையைப் பூட்டிவிட்டு, யாரையும் கேட்காமல், மெஷினை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கடையில் உட்காரவே முடியவில்லை, எது வந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அம்மா கிடக்கிற கிடையைப் பார்த்ததும் அவசரமாக மெஷினை வெளியே எடுத்தார்.

அப்பா அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு வந்தார். பையில் பெட்டியை வைத்து, காதில் மாட்டி, சத்தத்தைக் கூட்டுகிற திருகியைச் சொல்தா திருப்பினார். அப்பா திடுக்கிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். துணி உரசுகிற சத்தமே அவருக்கு இரைச்சலாகக் கேட்டிருக்கிறது. பெட்டிதான் சத்தத்தை வாங்குகிறது என்று சொல்தா ஜாடையில் புரியவைத்ததும், அப்பா அதைப் பையிலிருந்து எடுத்து அம்மாவின் நெஞ்சின்மேல் வாய்க்குப் பக்கத்தில் வைத்தார். வயர் அவ்வளவு நீளம் வராது. அதற்காக அவர் தரையில் உட்கார்ந்து, தலையை அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில் சாய்த்துக்கொண்டார்.

"பேசு புள்ள" என்றார். "கத்தாத. மெள்ளப் பேசு, எனக்குக் கேக்கும்."

அம்மா கண்ணைத் திறந்தாள். உதடு அசைந்தது. குரல் வரவில்லை. மறுபடியும் அசைந்தது. பக்கத்திலேயே இருந்த எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. சொல்தா திருகியைக் கடைசி வரைக்கும் திருப்பிவிட்டுக் கூடத்துக்குப் போய் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

என்ன கேட்கிறது என்று அப்பாவிடம் ஜாடையில் கேட்டேன். மூச்சு என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவ்வளவு வருஷம் எதையுமே கேட்காதவர், அந்த மூச்சை ஒன்றுகூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்த நேரம். நாங்கள் நான்கைந்து பேர் அங்கேயேதான் இருந்தோம். எங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அப்பா மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"நின்னுட்டுதும்மா" என்றார்.

காது கேட்கிற நாங்கள் இத்தனை பேர் இருந்தோம். அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. எதிர்வீட்டு அக்கா வாய்விட்டு அழ ஆரம்பித்ததும் அப்பா மெஷினைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விழா நடந்திருக்கிறது. கருமாதியன்று சங்கத் தலைவர் வந்தார். அப்பாவுக்கு முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் கொடுத்ததே பெரிசு என்றார். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ரொம்ப நாள் அந்தச் சங்கத்துப் போர்டைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அதன்பிறகு அவர்கள் எந்தப் பொருளையும் விழாவுக்கு என்று நிறுத்திவைப்பதில்லை, வந்த அன்றைக்கே வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார்கள் என்று சொல்தா பிற்பாடு சொன்னார். அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். நல்ல மனசோடு செய்த காரியத்தில் இப்படி ஆகிவிட்டதே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அப்பா சில மாதம் கழித்து மெஷினை மறுபடி மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார். எங்களிடம் நன்றாகவே பேசிக்கொண்டிருப்பார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கையை நிறுத்திவிட்டு, "கத்தாம பேசுனா ஒங்கம்மா கொரலு எப்படிம்மா இருக்கும்? எனக்கு மறந்தே போச்சு" என்று கேட்டார்.

கடைசி மாதங்களில் அந்தக் குரலைக் குனிந்து குனிந்து கேட்டவள் நான்தான். ஆனாலும் அதை எப்படிச் சொல்வது என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. யாருக்காவது கொடுக்க வேண்டிய பொருள் என் கைக்கு வந்துவிட்டால் மட்டும், அதை வீட்டில் ஒரு பொழுது வைத்திருக்கக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது.