கேப்டனைத் தொட்டவள்

பிரிசில்லா வழக்கம்போல் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். கண் திறந்திருக்கிறது, கை மேசைமேல் கிடக்கிறது. எதிரே விமானப் பணியாளர்கள் பவ்யமாகக் காத்திருந்தார்கள்.

"இன்னா பாத்துகினு கீறீங்க? நான் செத்துகினு கீறேன்!"

"மேடம் ஏதோ யோசிக்கிறீங்கன்னு நெனச்சோம்."

"மரியாத குடுத்தே சாவடிச்சிருவீங்க போல கீதே!"

விமானி நினைவிழந்தால் எப்படிக் கண்டுகொள்வது, என்ன செய்வது என்று கற்றுக்கொடுப்பது அவள் தொழில். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில், மாமல்லபுரம் சாலையோரப் பயிற்சி நிலையத்துக்கு வருவாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறவனை யாரும் கவனித்துவிடுவார்கள். கண் திறந்தபடியே மூளை நின்றுபோனவன்தான் ஆபத்து. இரண்டு தரம் கூப்பிடு. சரியான பதில் இல்லையா, துணை விமானி விமானத்தைத் தன் கையில் எடுக்க வேண்டும். பணிப்பெண் கேப்டனின் தோளைப் பின்னுக்கு இழுத்துப் பெல்ட்டை இறுக்க வேண்டும். பயிற்சியில் ஒருத்தி பதறிப்போய்க் கைகூப்பியதும் சீறினாள்: "வேண்டுதல அப்பால வெச்சுக்கலாம், மொதல்ல தோளப் புடி!"

இந்தக் கோபத்தின் வேர் அச்சரப்பாக்கத்தில் இருக்கிறது. அங்கே ஓர் அரிசி ஆலை முதலாளி மூட்டைகளுக்கு நடுவே சுருண்டு விழுந்தார். சுற்றிலும் சேரியிலிருந்து வந்த கூலிகள். நீ தொட்டால் தீட்டு என்று ஆயுள் முழுக்க விரட்டியவரை எப்படித் தொட்டுத் தூக்குவது? மகன் வரட்டும் என்று நின்றார்கள். மகன் வந்தபோது உயிர் இல்லை. நின்றவர்களில் பிரிசில்லாவின் அம்மா சந்திரம்மாவும் ஒருத்தி. "அவரப் போயி எப்டிடி தொடறது?" என்று இன்றைக்கும் கேட்பாள். ஜாதி தன்னை வளர்த்தவனையே காவு வாங்கியது. பழியை மட்டும் ஊரார் நின்றவர்கள் தலையில் கட்டினார்கள்.

நேற்றுத் தேர்வு. கேப்டன் ஷ்யாம் மயங்கியவராக நடித்து, மாதிரி விமானி அறையில் முன்னால் சரிந்தார். கவியா என்ற புதிய பணிப்பெண் தயங்கவே இல்லை. தோளைப் பற்றி ஒரே இழுப்பு. அவர் சட்டைப் பொத்தான் தெறித்தது. பாடத்தில் உள்ளபடியே, பிழையில்லாத வேலை.

ஷ்யாம் துள்ளி எழுந்தார். "கேப்டன் மேலயே கை வெப்பியா? எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளு!"

நிலைய மேலாளர் பிரிசில்லாவின் காதருகே குனிந்தார். "ஒரு சாரி சொல்லிட்டா பாஸ் போட்டுடலாம் மேடம். இல்லாட்டி அந்தப் பொண்ணு வேலை போயிடும். உங்களுக்கும் பேஜாரு."

கவியா தலை குனிந்தாள். கண் கலங்க, வாயைத் திறந்தாள்.

பிரிசில்லா விறுவிறுவென்று குறுக்கே வந்து, தன் உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினாள்.