பளிங்குக் கல்லில் மஞ்சள்

சித்திரை பிறந்ததும் மொண்டெல்லோக் கடற்கரையில் சுத்தியல் ஓசை கேட்கத் தொடங்கும். கோடையில் குளிக்க வருவோர் உடை மாற்றுவதற்கென மரக்குடில்களை வரிசை வரிசையாக அடித்து நிறுத்துவார்கள். ஈரப்பலகையின் மணமும் புதுச் சாயத்தின் நெடியும் உப்புக் காற்றோடு கலந்து எங்கள் சமையலறைச் சாளரம்வரை வரும். இத்தாலியின் பலேர்மோ நகரத்தாருக்கு அந்த ஓசை கோடையின் வரவு. எனக்கும் தம்பிக்கும் அது, வீட்டைவிட்டுப் புறப்படும் நாள் நெருங்கிவிட்டதென்னும் அறிவிப்பு.

நாங்கள் வாழ்ந்தது விடுமுறைக்கு வருவோருக்கென்றே கட்டப்பட்ட ஒரு மாடிக் குடியிருப்பில். கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஆறு சிறு வீடுகள். ஒவ்வொன்றிலும் ஓர் அடுப்பு, மூன்று சட்டிகள், வாரக்கணக்கில் தங்குவோர் தாமே சமைத்துண்ண வேண்டிய யாவும் இருக்கும். தட்டு ஆறு, குவளை ஆறு, கரண்டி பன்னிரண்டு என்று அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். யாரோ விட்டுப்போன பாதி உப்புப் பொதியும், அடியில் ஒட்டிய கோப்பித்தூளுமாக, முன்பின் அறியாத மனிதரின் எச்சங்கள் எப்போதும் எங்களோடு குடியிருந்தன. குளிர்காலத்தில் அங்கே எவரும் வருவதில்லை. ஆகவே, நாங்கள் "சிஞ்ஞோரா" என்று அழைத்த வீட்டுக்கார அம்மையார், ஐப்பசி தொடங்கி வைகாசி முடியும்வரை ஒரு வீட்டை எங்களுக்கு வாடகைக்கு விடுவார். அம்மா மற்ற ஐந்து வீடுகளையும் திறந்து காற்றாட வைத்து, படிகளைக் கூட்டித் துடைக்க வேண்டும்.

கோடையில் நாங்கள் நால்வரும் மூன்று இடங்களில் இருந்தோம். அப்பா ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவி, அதன் பின்கட்டிலேயே படுத்துக்கொள்வார். அம்மா நகரத்தில் நோயுற்ற முதியவர் ஒருவரைப் பராமரித்து, அவர் வீட்டோடு தங்குவார். நானும் தம்பியும் நகரத்தின் அல்பெர்கேரியாப் பகுதியில் சித்தியின் ஒற்றை அறையில் பாய் விரிப்போம். ஒரே கூரையின்கீழ் நால்வரும் உறங்குவது குளிர்காலத்தில் மட்டுமே. அந்தக் கூரை மறுபடியும் கிடைக்குமா என்பது, வீட்டை ஒப்படைக்கும் நாளில் சிஞ்ஞோரா சொல்லும் ஒரு சொல்லில் இருந்தது. பட்டியலைச் சரிபார்த்து, சுவரை விரலால் தடவிப் பார்த்து, கதவுத் திறப்பை வாங்கிப் பையில் போட்டபின் அவர் "ஒத்தோப்ரே" என்பார். இத்தாலிய மொழியில் ஒக்டோபர்; ஐப்பசியில் திரும்பி வரலாம் என்பது பொருள். அந்தச் சொல் வரும்வரை அம்மா மூச்சு விட்டதை நான் கண்டதில்லை.

எனக்குப் பதினொரு வயதான ஆண்டில், ஒப்படைக்கும் நாளன்று காலையில் அந்தப் பிழை நேர்ந்தது. சமையலறையில் இரும்புக் கால்களின்மேல் ஒரு வெண்பளிங்குப் பலகை, அதுதான் மேசை. எட்டு மாதமும் அதன்மேல்தான் எங்கள் முருகப் பெருமானின் படம் எழுந்தருளியிருந்தது. நாள்தோறும் அதன்முன் நின்று அப்பா பதிகம் பாட, நாங்கள் திருநீறு அணிந்து பள்ளிக்குப் போவோம். படத்தை எடுத்துப் போர்வையில் சுற்றியபின், இறைவன் இருந்த இடத்தை வெறும் சவர்க்காரத்தால் துடைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. மஞ்சள் நீர் கரைத்து ஊற்றிக் கழுவி, தானே உலரட்டும் என்று விட்டுவிட்டுப் படி துடைக்கப் போனார். திரும்பி வந்து துடைத்தபோது, பளிங்கின் நடுவே இரண்டு கை அகலத்தில் மஞ்சள் ஊறிக் கிடந்தது.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா ஓடி வாங்கோ!"

அப்பா வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். "என்னப்பா செய்து வைச்சிருக்கிறாய்? இது தன்ரை தாய் தந்த கல்லு எண்டு அவ எத்தினை தரம் சொன்னவ!"

"சுவாமி இருந்த இடத்தைக் கழுவாமல் விட்டிட்டுப் போறதே?"

"சுவாமி ஒண்டும் சொல்லமாட்டார். சிஞ்ஞோரா சொல்லுவா."

சவர்க்காரம் தேய்த்தும் போகவில்லை. அம்மா தேசிக்காயை வெட்டிக்கொண்டு வந்தபோது அப்பா கையைப் பிடித்துத் தடுத்தார். "புளி பட்டால் பளிங்கைத் தின்னும். எங்கடை உணவகத்திலை ஒருத்தன் அப்பிடித்தான் மேசையைப் பழுதாக்கினவன்."

ஏழு வயதுத் தம்பி தன் யோசனையைச் சொன்னான். "மேலை ஒரு துணியை விரிச்சு விடுவம். ஆருக்குத் தெரியும்?"

"வாயை மூடு. எட்டு மாசம் அதிலை இருந்தவருக்குத் தெரியும்," என்றார் அம்மா.

அப்போதுதான் என் பள்ளிச் சட்டை நினைவுக்கு வந்தது. "அம்மா, என்ரை சட்டையிலை குழம்பு பட்டால் வெயிலிலை போடுறனீங்கள் எல்லே, மஞ்சள் போயிடும் எண்டு? இதையும் போடுவம்."

"கல்லென்ன உன்ரை சட்டையே, கொடியிலை போட?" என்று அப்பா கேட்டார், கேட்டுக்கொண்டே பலகையின் ஒரு முனையைப் பிடித்துவிட்டார்.

பலகை கால்களோடு பொருத்தப்படாமல் சும்மா வைக்கப்பட்டிருந்தது எங்கள் நற்பேறு. அப்பா ஒரு முனையிலும் அம்மாவும் நானும் மறுமுனையிலுமாக, படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி, அதைப் பின்முற்றத்துக்கு இறக்கினோம். பழப்பெட்டிகளைக் கவிழ்த்து, போர்வை விரித்து, அதன்மேல் கிடத்தினோம். அம்மா அவ்வப்போது நீர் தெளித்து, உதடு அசையப் பதிகம் ஓதிக்கொண்டிருந்தார். மதில் நிழல் நெருங்கியபோதெல்லாம் பலகையைப் பெட்டிகளோடு நகர்த்தினோம். உச்சிப்பொழுதில் மஞ்சள் வெளிறியது; ஆனால் போகவில்லை.

நான்கு மணிக்கு வரவேண்டிய சிஞ்ஞோரா இரண்டு மணிக்கே வந்துவிட்டார். பளிங்கைச் சுற்றி வாடிய முகத்தோடு நின்ற எங்களைக் கண்டு, "யாரைப் புதைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

அவர் மொழி எங்களில் எனக்குத்தான் நன்றாக வரும். அப்பா மெல்லச் சொன்னார்: "கழுவிக் காயவைச்சிருக்கிறம் எண்டு சொல்லு." அம்மா சொன்னார்: "உள்ளதைச் சொல்லு, பிள்ளை."

இருவர் முகத்தையும் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், சித்தி வீட்டுப் பாயிலேயே இனி எல்லாக் காலமும் கழியும் என்று தோன்றியது. ஆயினும் அம்மாவின் கையில் இன்னும் மஞ்சள் ஒட்டியிருந்தது. அதை வைத்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல இயலவில்லை. படம், மஞ்சள் நீர், தேய்த்தது, சுமந்தது என யாவற்றையும் சொன்னேன்.

சிஞ்ஞோரா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, குனிந்து கறையைப் பார்த்தார். பின், அந்தக் கடவுளைக் காட்டு என்றார். அப்பா போர்வையைப் பிரித்தார். மயில்மேல் இருந்த பெருமானை நெடுநேரம் பார்த்தபின் சிஞ்ஞோரா சொன்னார்: "ஆக, ஐந்தாவது ஆள் ஒருவர் குளிர்காலம் முழுவதும் வாடகை தராமலே இருந்திருக்கிறார்!"

நான் அதைத் தமிழில் சொன்னதும் அப்பா தம்மை மறந்து சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை, இன்னும் அந்தச் சொல் வரவில்லையே.

"என் விருந்தினர் வைன் சிந்தினால் மேலே துணியை விரித்து மறைத்துவிட்டுப் போவார்கள். போன பிறகுதான் எனக்குத் தெரியும்," என்றார் சிஞ்ஞோரா. தம்பி தன் கால்விரல்களை ஆராயத் தொடங்கினான். அவர் நாற்காலி ஒன்றை இழுத்து நிழலில் அமர்ந்தார். "வெயில் இன்னும் இருக்கிறது. காத்திருப்போம். ஆனால் ஒத்தோப்ரேயில் அவருக்கு ஒரு தட்டு வாங்கித் தருவேன். மஞ்சள் தண்ணீரை அதில் ஊற்றுங்கள்."

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுவதை அன்றுதான் முதன்முறை பார்த்தேன். அது துயரம் என்று தம்பி எண்ணித் தானும் அழுதான்.

அதன்பின் நான்கு குளிர்காலம் அங்கே வாழ்ந்தோம். பிறகு அப்பா அல்பெர்கேரியாவில் ஆண்டு முழுவதற்கும் ஒரு வீடு எடுத்தார்.

இப்போது அக்குடியிருப்பில் பருவமென்று ஒன்றில்லை. வாசலில் எண் அழுத்தித் திறக்கும் சிறு பெட்டிக்குள் திறப்பு இருக்கிறது. கைபேசியில் பதிவுசெய்து, தை மாதக் குளிரிலும் வந்து தங்கித் தாமே சமைத்துண்டு போகிறார்கள். எங்களைப் போன்ற ஒரு குடும்பத்துக்குக் குளிர்காலத்தில் வீடு விடுவாரில்லை. சிஞ்ஞோரா மறைந்துவிட்டார், முற்றத்தில் வாகனங்கள் நிற்கின்றன. ஆயினும் மறைந்தவை எல்லாமே இழப்பென்று நான் கருதவில்லை. வைகாசி முடிந்து பள்ளி மூடும்போது இன்று என் வீட்டில் யாரும் பெட்டி கட்டுவதில்லை. மகளும் மருமகனும் வேலை முடிந்து வந்து, பிள்ளைகளின் அருகிலேயே படுத்துறங்குகிறார்கள். தாயும் தந்தையும் கோடையிலும் கூடவே இருப்பது ஒரு பேறு என்று அப்பிள்ளைகளுக்குத் தெரியாது. அது அவர்களுக்கு என்றுமே தெரியவராதிருக்க வேண்டும் என்றுதான் நாள்தோறும் திருமுன் நின்று வேண்டுகிறேன்.